மனம் நிலைக்காத கன்ட்ரோலர்

கெமிக்கல் ஆலைக்கு கன்ட்ரோல் புரோகிராம் எழுதுகிறவனுக்கு வெட்கமே இருக்கக்கூடாது. எனக்கு அது கொஞ்சம் கூடுதல். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். லால்குடி சாலையில் ஒரு சிறிய ஆலை. அங்கே ரசாயனச் சரக்கு வேகும் ரியாக்டர் பாதி லோடில் ஒரு மாதிரி, முழு லோடில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு கன்ட்ரோலர். இப்போது யார் பொறுப்பு என்று முடிவுசெய்ய, எல்லாவற்றுக்கும் மேலே என் மேற்பார்வைப் புரோகிராம். பொங்கல் வரை எல்லா ஷிப்டிலும் ஆள் கை வைக்காமல் ஆட்டோவில் ஓடினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கழற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் ஓட்டம்

முதலாளி பக்கத்திலேயே நின்றார். லோடு பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் வந்து நின்றது. என் புரோகிராம் பொறுப்பைப் பாதி லோடு கன்ட்ரோலரிடம் கொடுத்தது, உடனே பிடுங்கி முழு லோடுக்காரனிடம் கொடுத்தது, மறுபடி இவனிடம். நீராவி வால்வு திறந்து திறந்து மூடிய சத்தம் கன்ட்ரோல் ரூம் வரை கேட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஷிப்ட் ஆபரேட்டர் செல்வராஜ், கையால் ஓட்டும் மேனுவலுக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்: "அதை முதல்ல ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க சார், அப்புறம் நாங்க ஓட்டிக்கிறோம்."

பத்து நிமிஷம்

ஒரு தடவை மாறினால் பத்து நிமிஷத்துக்கு மாறக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டேன். அடுத்த வாரம் கரன்ட் போய் வந்ததில் ஒரு கூலிங் பம்ப் நின்றுவிட்டது. இந்த கன்ட்ரோலர் சரிப்படாது என்று புரோகிராமே திரையில் சிவப்பாகக் காட்டியது. காட்டிவிட்டு, நான் சொன்ன பத்து நிமிஷம் முடியட்டும் என்று காத்திருந்தது. செல்வராஜ் மேனுவலுக்குத் தாவியதில் சரக்கு தப்பியது, ஆனால் மஞ்சளாகிவிட்டது. லேபில் மேரி மேடம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தப்புன்னு தெரிஞ்சும் உட்கார்ந்திருந்துச்சா? ராகுகாலம் முடியட்டும்னு பார்த்துச்சுங்களா சார்?"

மறந்த போன்

இரண்டையும் சரிசெய்தேன். அதன்பிறகு நான் பார்க்கும்போதெல்லாம் ரியாக்டர் ஆட்டோவில்தான் ஓடியது. பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கு வண்டியைக் கிளப்பினேன். கொள்ளிடம் பாலத்தில்தான் போனை விட்டுவந்தது தெரிந்தது. திரும்பி, ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போனேன். திரையில் மேனுவல். என் வண்டி கேட்டில் தெரிந்ததும் ஆட்டோ, வெளியே போனதும் மேனுவல் என்று மூன்று ஷிப்டும் பேசிவைத்திருக்கிறார்களாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செல்வராஜ் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ராப்பகலா எழுதினீங்க, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார், நீங்க இருக்கறப்ப மட்டும் போட்டு வச்சோம்."

ஆலையின் நிலைமைக்குத் தகுந்தபடி மாறும் ஏற்பாட்டுக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். இப்போதைக்கு அது என் ஸ்கூட்டரின் நிலைமையைப் பார்த்து மாறிக்கொண்டிருக்கிறது.