முதலில் படிப்பவன்

எங்கள் ஆசிரியரை நினைத்தால், கோர்த்த ஈய எழுத்துகளின் மேல் அவர் விரித்து வைத்த உள்ளங்கைதான் முதலில் கண்ணில் வருகிறது. முப்பதுகளில், திருவிதாங்கூர் காலத்து நாகர்கோவிலில் நடந்த சிறிய வாரப் பத்திரிகை எங்களுடையது. அவர் எழுதுவார், நான் அச்சுக் கோர்ப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், பேச்சும் குறைவு. என் மனைவி பேறுகாலத்தில் இறந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. இனி எதற்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் தினமும் என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் எங்கள் நிருபர் ஒரு செய்தி கொண்டுவந்தார். குளச்சல் பக்கம் ஓர் இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எங்கே, எதனால், எப்படி என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. மற்றவர்கள் ஒரு வரியைக் கண்ணால் தாண்டிப் போய்விடலாம். அச்சுக் கோர்ப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் பொறுக்க வேண்டும். ஏழாவது வரியில் அந்த ‘எப்படி’ வந்தது. கோர்த்தேன், கலைத்தேன், மறுபடி கோர்த்தேன். இவ்வளவுதானா என்று தோன்றியது.

அப்போதுதான் ஆசிரியரின் கை அந்த வரியை மூடியது.

“எவ்வளவு நேரமா ஒரே வரியில நிக்க, மக்கா?”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுவர கோத்தது பூராவும் கலைச்சுப் போடு.”

நிருபருக்குப் பொறுக்கவில்லை. “ஊர் பூரா தெரிஞ்ச சங்கதி, அண்ணாச்சி. மிச்ச எடத்துல வாழைக்கொல வெல போடுவியளோ?”

“போடுவோம். அதப் படிச்சு எவனும் சாவ மாட்டான். நம்ம பத்திரிகைய மொதல்ல படிக்கவன் இங்க நிக்கான் வே. இவனுக்கு ஆவாதது ஊருக்கும் ஆவாது.”

பெயரில்லாமல் இரண்டு வரி இரங்கல் எழுதித் தந்தார். மனம் தாளாதவர்கள் தனித்திருக்க வேண்டாம், வேண்டியவர் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று அடியில் ஒரு வரி. அதையும் நான்தான் கோர்த்தேன்.

“மத்தியானம் நம்ம வீட்டுக்கு வா. ஒனக்க மதினி தீயல் வச்சிருக்கா” என்றார்.

தீயல் குழம்பில் புளி தூக்கல். அதைச் சொல்ல வாய் திறந்தவன், எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் புத்தி சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அடுத்த ஆறு மாதமும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

அவர் இன்று இல்லை. நான் வேறோர் அச்சகத்தில் இருக்கிறேன். அப்படிப்பட்ட செய்திகள் இப்போதும் அந்த ‘எப்படி’யோடுதான் வருகின்றன. அவரைப் போல எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. நிறைந்து கிடக்கும் எழுத்துப் பெட்டியைக் கொஞ்ச நேரம் கிளறிப் பார்த்துவிட்டு, “எழுத்து தட்டுப்பாடு சார், இவ்வளவுதான் கோர்க்க முடியும்” என்று சொல்லிவிடுகிறேன்.