பதினாறு முறை சொல்லவைத்த பதில்

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்குப் போகும் பேருந்தில் மாப்பிள்ளையைப் பதினாறு முறை சொல்லவைத்தேன்: "நான் குத்தம் செய்யலைங்க." பதினேழாவது முறை கேட்டபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வுடுங்க மாமா. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

கல்வராயன் மலையடிவார வளைவு ஒன்றில் ஒருவர் பைக்கோடு சறுக்கி விழுந்தார். பின்னால் பள்ளி வேன் ஓட்டிவந்த மாப்பிள்ளை அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தார். வேன்தான் இடித்தது என்று வழக்கு வந்துவிட்டது. தண்டனை கிடைத்தால் மறுநாளே வேலை கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

வக்கீல் மூன்று விரல்களை மடக்கிக் காட்டியிருந்தார். ஒப்புக்கொள்ளலாம், அபராதத்தோடு அன்றே முடியலாம், ஆனால் தண்டனை பதிவாகிவிடும். மறுக்கலாம். வாயே திறக்காமலும் நிற்கலாம். பின்னிரண்டுக்கும் விசாரணைதான், வாய்தாதான்.

நீதிமன்றத்தில் எங்களுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். பதினெட்டுப் பேர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டப் போனார்கள். ஒவ்வொருவர் வெளியேறும்போதும் மாப்பிள்ளை வாசலையே பார்த்தார்.

அவர் முறை வந்தது. குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டு, "ஒத்துக்கிறீங்களா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

மாப்பிள்ளை கைகூப்பினார். "தப்புதாங்க அம்மா."

பதினாறு முறையும் வீண். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் யார்மேல் பிராது வந்தாலும் முதலில் அப்படித்தான் சொல்ல வேண்டும். சபைக்குக் கொடுக்கும் மரியாதை அது. பிறகுதான் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்பார்கள். இருபது வருஷம் அங்கே உட்கார்ந்து அப்படிச் சொல்லவைத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வாய்க்கால் தகராறில் இதே மாப்பிள்ளையையும் சொல்லவைத்திருக்கிறேன்.

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "என்ன தப்பு பண்ணீங்க?"

"அவரைத் தூக்கினு போனேங்க."

"வண்டி இடிச்சுதா?"

"இல்லைங்க அம்மா. அவராதான் வுழுந்தாரு. நான் பின்னால வந்துகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் தப்புன்னீங்க?"

"சபையில வேற எப்படிங்க ஆரம்பிக்கிறது?"

பின் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மறுக்கிறார் என்று பதிவு செய்துகொண்டு வாய்தா போட்டார்.

படியிறங்கும்போது மாப்பிள்ளை சொன்னார்: "ஒத்துகினு இருந்தா இன்னியோட போயிருக்கும் மாமா."

"வேலையும் இன்னியோட போயிருக்கும்."

இதுவரை ஏழு வாய்தா. நான்கு சாட்சிகளில் இருவர் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை ஓட்டும் வேன் காலை ஏழு நாற்பதுக்கு எங்கள் தெருமுனையைக் கடக்கும். ஏழு முப்பதுக்கே போய் நின்றுவிடுகிறேன். நேற்று ஏழு நாற்பத்தைந்து ஆகியும் காணவில்லை. நடுத்தெருவுக்கே போய் எட்டிப் பார்த்தேன். பிறகு வந்தது. கைகாட்டி நிறுத்தி, ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு ஷூவைத் தேடிக்கினு இருந்திச்சி மாமா. நகருங்க, நேரமாவுது."