எல்டனின் சட்டைகளுக்கு ஆர்டித் தேர்ந்த தையல்

நெப்ராஸ்காவின் எங்கள் வட்டாரத்தில் ஒட்டுப்போர்வை தைக்காத வீடு குறைவு. துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை முடிப்பதுவரை பெண்களுக்குக் குழப்பமில்லை. அதற்குக் கீழே பஞ்சையும் அடித்துணியையும் வைத்து, மூன்றும் விலகாதபடி முழுப் பரப்பிலும் ஓடவேண்டிய தையலை எந்த உருவில் போடுவது என்னும் கேள்வி எழும்போதுதான் அவர்கள் மேல்துணியைத் தலையணை உறைக்குள் சுருட்டிக்கொண்டு ஆர்டித் நோவோட்னியின் வீட்டுக்கு வருவார்கள். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. அவர் தேர்ந்தெடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். மேல்துணியைச் சுவரில் குத்தி மாட்டுவார். அதன்மேல் ஒரு கண்ணாடித் தாளைப் பரப்பி, அழிக்கக்கூடிய பேனாவால் இறகு, கொடி, அலை என்று வரைந்து பார்ப்பார், ஈரத்துணியால் துடைப்பார், மறுபடி வரைவார். சில துணிகள் வாரக்கணக்கில் அந்தச் சுவரில் கிடக்கும். முடிவு செய்துவிட்டாலோ, பின்னறையில் கட்டிலைவிட நீளமான சட்டத்தின்மேல் ஓடும் அவருடைய தையல் எந்திரம் ஓயாது. கணவர் எமில் இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்கும் பெரிய சத்தம் அது ஒன்றே.

லவான் அவருடைய பள்ளித் தோழி. எமில் படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுவதும் நாள் தவறாமல் வந்து, அவர் உடம்பைத் துடைத்துவிட்டு, அடுப்பில் எதையாவது ஏற்றிவைத்துவிட்டுப் போனவர். அந்த லவானின் கணவர் எல்டனுக்கு நினைவு தப்பத் தொடங்கி, ஊர் எல்லையிலிருந்த முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்திருந்தார்கள். ஒரு ஜூன் மாதக் காலையில் லவானும் ஒரு தலையணை உறையோடு வந்தார்.

"பிரிச்சுப் பாரு. எல்லாம் எல்டனோட சட்டைங்க. காலர் நைஞ்சதக்கூட விடல."

"அப்ப அந்த மனுஷன் எதத்தான் போட்டுக்கறாரு?"

"பனியன்தான். பித்தான் போட வரல அவருக்கு. வரலன்னா கோவம் வருது. தூக்கிக் கடாசறாரு." லவான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எப்பப் பாத்தாலும் குளுருது குளுருதுங்கறாரு. அங்க குடுக்கற கம்பளி ஒடம்ப அறுக்குதாம். தேவாலயத்துல நாம எல்லாரும் சேந்து ஒக்காந்து போடுவோமே விசிறி வளைவு, அதையே போடு. தள்ளித் தள்ளிப் போடு. மெத்துனு இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

"விசிறியா? நாப்பது வருஷச் சட்டைக்கு வெறும் விசிறியா?"

"ஆமா. ஆடம்பரம் பண்ணிடாதடி. உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அந்த வளைவுக்கு அளவுகோல்கூட வேண்டியதில்லை. முழங்கையை ஊன்றிக் கையை வீசினால் எவ்வளவு வருகிறதோ அவ்வளவே அதன் அகலம். ஆர்டித் அன்று மாலையே கண்ணாடித் தாளில் அதை வரைந்தார். அந்த வாரத்திலேயே முடிந்திருக்கக்கூடிய வேலை.

மறுநாள் நான் பட்டாணி கொடுக்கப் போனபோது வளைவுகள் துடைக்கப்பட்டிருந்தன. மஞ்சள் கட்டம்போட்ட துண்டின்மேல் ஒரு சோளக்கதிர் வரைந்திருந்தது.

"அறுவடைக்கு இதத்தான் போட்டுட்டு வருவாரு எல்டன்" என்றார் ஆர்டித். "அந்தச் சிவப்பு, வேட்டைக்குப் போறப்ப. அதுக்கு ஃபெசன்ட் கோழியோட இறகு போடலாம். வெள்ளையப் பாரு, அதப் போட்டுக்கிட்டுத்தான் சனிக்கிழமை நடனத்துக்கு அக்கார்டியன் வாசிப்பாரு. அதுல அக்கார்டியனோட மடிப்பு."

"லவான் மெத்துனு இருக்கணும்னுதான கேட்டாங்க?" என்று நான் நினைவூட்டினேன்.

"அவ எப்பவும் கம்மியாத்தான் கேப்பா. எமிலுக்கு அவ செஞ்சதுக்கு நான் விசிறியப் போட்டுக் கையில குடுப்பேனா?"

நன்றியைச் செலுத்த ஒரு வாய்ப்புக்காக ஏங்கியிருந்த ஒருவர், அது கைக்கு வந்ததும், கேட்டவருக்குத் தேவை என்ன என்பதை மறந்துவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் அன்பினால் நேர்ந்தது.

கதிரும் இறகும் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அவற்றைச் சுற்றியுள்ள இடத்தைத் தையலால் அமுக்க வேண்டும். ஆகவே மிளகளவு வளையங்களால் எஞ்சிய பரப்பு முழுவதையும் நிரப்பத் தொடங்கினார். கோடை கழிந்தது. லவான் தொலைபேசியில் அழைத்தார். "ஆச்சா?" "இன்னும் கொஞ்சம்." செப்டம்பரில் மீண்டும் அழைத்தார். "உறைபனி விழுந்துடுச்சு, ஆர்டித்." "இதோ, ஓரம் கட்டிட்டா முடிஞ்சது."

அக்டோபரில் போர்வை முடிந்தது. அதைப் போன்ற ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. காரில் நானும் உடன் சென்றேன். இல்லத்துச் செவிலியர் ஒவ்வொருவராக வந்து கதிர்களை விரலால் தடவிப் பார்த்தனர். லவான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "அய்யோ ஆர்டித், இப்படி ஒண்ண நான் எங்கடி வெப்பேன்?" என்றார். அதைப் பாராட்டு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

நாற்காலியில் இருந்த எல்டனின் மடியில் போர்வையைப் போர்த்தினார்கள். அது அவர் முழங்கால்மேல் படிந்து விழவில்லை. மடித்த அட்டைபோல் விறைத்து நின்றது. அவர் இரு கைகளாலும் அதைத் தள்ளினார்.

"யாரு எம் மேல கொட்டகைக் கதவப் பேத்துக் கொண்டாந்து போட்டது?"

செவிலியர் சிரித்தனர். லவானும் சிரித்தார். "உங்க சட்டைதாங்க எல்லாம். பாருங்க, ஆர்டித் தெச்சுக் குடுத்தது."

"எடு, எடு. கனக்குது. குளுருது."

"ஒருவாட்டி தொவச்சா பதமாயிடும்" என்றார் ஆர்டித்.

துவைத்தும் பதமாகவில்லை. அவ்வளவு நூல் ஏறிய துணி பதமாகாது என்பது ஆர்டித்துக்குத் தெரியாததன்று. முன்பின் அறியாத ஒருவர் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லித் தடுத்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்பு, கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சி ரொட்டிகளோடு நாங்கள் மறுபடி போனோம். போர்வை சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. கீழே எல்டன், கால்பந்துக் குழுவின் சின்னம் போட்ட மலிவான கடைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். அதிலிருந்து பிரிந்த இழையொன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் ஆர்டித், "அதக் குடு. நான் பிரிச்சுடறேன். விசிறி போட்டுத் தரேன்" என்றார்.

"வேண்டாம்டி. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. நல்லாத்தான இருக்கு."

"பாக்கறதுக்கா கேட்ட நீ?"

லவான் கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஆர்டித்துக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். கொடுத்ததைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. லவான் உள்ளே சென்று, ஆணியைக் கழற்றிப் போர்வையைக் கொண்டுவந்து தந்தார்.

மிளகளவு வளையங்களைப் போடுவதற்கு எந்திரம் இருந்தது. பிரிப்பதற்குக் கூரிய முனையுள்ள ஒரு சிறு கருவியும் மூக்குக்கண்ணாடியும் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு தையலாக அறுத்து இழுக்க வேண்டும். சட்டைத் துணியோ உழைத்து நைந்தது. நூலோடு சேர்ந்து அதுவும் வந்தது. பச்சைக் கோடு போட்ட துண்டு நடுவில் கிழிந்தபோது ஆர்டித் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, கிழிந்த இரு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நானும் உதவிக்கு வருகிறேன் என்றேன். "நான் போட்டது, நானே பிரிக்கறேன்" என்று மறுத்துவிட்டார். ஜனவரி முடியும்போது ஒரு மூலை மட்டும் தளர்ந்திருந்தது. அந்த மூலை உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

பிப்ரவரியில் எல்டனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆர்டித் வேலையை விரைவுபடுத்தினார். இன்னும் இரண்டு துண்டுகள் கிழிந்தன. லவானின் அழைப்பு வந்தபோது போர்வை சமையலறை மேசைமேல்தான் கிடந்தது.

"போயிட்டாரு" என்றார் லவான். பிறகு, "பெட்டி மேல போடணும். இருக்கறபடியே எடுத்துட்டு வா" என்றார்.

அப்படியே கொண்டுபோனோம். கிழிசல்களை ஆர்டித் காரில் போகும்போதே ஊசியால் பிடித்துத் தைத்தார். சவப்பெட்டியின் மூடிய கீழ்ப்பாதிமேல் அது விரிக்கப்பட்டது. எங்கும் நெளியாமல், சுருங்காமல் கிடந்தது. வரிசையில் வந்தவர்கள் எல்டனைப் பார்த்தார்கள், பிறகு போர்வையைப் பார்த்தார்கள்.

"இந்தக் கதிரப் பாரேன், உயிரோட இருக்கற மாதிரி!"

"இறகு இன்னும் அருமை. ஆர்டித், நீ போட்டதுலயே இதுதான் சிறப்பு."

ஆர்டித் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது. தளர்ந்த மூலையை லவான் எல்டனின் கைப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார் என்பதைக் கவனித்தவர்கள் நாங்கள் இருவர்தாம்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழறையில் பன்றி இறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஆர்டித் லவானின் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"போர்வைய எங்கிட்ட குடு. வசந்தத்துக்குள்ள முழுசையும் பிரிச்சு, நீ கேட்டபடி போட்டுக் குடுத்துடறேன்."

லவான் அவருடைய கையைப் பிடித்துத் தம் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"இனிமே யாருக்குடி அது மெத்துனு இருக்கணும்?"