பொதுச்சுவர் மேல் ஒரு தகரக் கால்வாய்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். என் மாடிக் குழாயிலிருந்து அவருடைய கார் மேல் மழைத்தண்ணீர் கொட்டுகிறது. கீழே ‘ப்ளீஸ் செக் மேடம்’ என்று ஒரு வரி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆளை வரவழைத்துக் குழாயைத் திருப்பிவிட்டேன். ஒரு மணி நேரம்தான் ஆனது.

அந்த ஒரு மணி நேர வேலையை நாங்கள் நான்கு மழைக்காலம் செய்யாமல் இருந்தோம்.

அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் பெருமாள் மாமா வீட்டுக்கும் ஒரே சுவர். மாமா என்றால் சொந்தமில்லை. அப்பாவின் சிநேகிதர், தறிக்காரர். சுவர் மேல், இரண்டு ஓட்டுக் கூரைகளும் சேரும் இடத்தில் ஒரு தகரக் கால்வாய். இரு வீட்டுத் தண்ணீரும் அதில் விழுந்து, அவர் பக்கமாகச் சரிந்து தெருவுக்குப் போகும். புரட்டாசி பிறந்தால் இருவரும் மேலே ஏறிச் சருகை அள்ளிப் போட்டு, ஓட்டைகளுக்குத் தார் பூசுவார்கள். காய்ச்சிய தாரின் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் அவர்கள் சிரிப்பு கேட்கும். சாலை போடும் இடத்தில் மூக்கைப் பொத்தாமல் நிற்பவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு வேலை கிடைத்த வருஷம் பின்கட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்டோம். முன்கூடம் ஓடாகவே நின்றது. தளத்துத் தண்ணீரைக் கொத்தனார் ஒரு குழாய் வைத்து அந்தத் தகரக் கால்வாயிலேயே இறக்கிவிட்டார். முதல் பெருமழையிலேயே அது வழிந்தது. மாமாவின் தறிக்குழி நிரம்பி, முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பூட்டியிருந்த பாவு நூல் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. வாசலில் நின்று தணிந்த குரலில்தான் சொன்னார்: “குழாயை அந்தாண்ட திருப்பிக்கப்பா. பாவு போயிடிச்சி.”

சரி என்ற அப்பா திருப்பவில்லை. திருப்பினால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடுமாம். அடுத்த மழைக்கு முன்னால் மாமா தன் பக்கத்துக் கால்வாயில் செங்கல் வைத்து சிமெண்டு பூசி அடைத்தார். தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் இறங்கியது. அப்பா காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். மனு எழுதியது நான். என் எழுத்தைப் பற்றி அப்போது எனக்குப் பெரிய நினைப்பு. அந்த நினைப்பில் நடக்காத ஒன்றையும் சேர்த்தேன்: மாமா உருட்டுக்கட்டையோடு அப்பாவை அடிக்க வந்தார் என்று. அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மாமாவை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கூடத்தில் பாத்திரங்களை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

நான்காவது ஐப்பசியில், ஒரு காலை நேரத்தில் மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார். மழை விடவில்லை. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். எங்கே நகர்த்தினாலும் அவர்மேல் தண்ணீர் சொட்டியது. அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போது கூரைமேல் சுத்தியல் சத்தம் கேட்டது. வெளியே ஓடிப் பார்த்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பெருமாள் மாமா அந்த அடைப்பை உடைத்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கூடத்தில் சொட்டு நின்றது. தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் மனைவி சரசா அத்தையும் தறிக்குழியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்யை எழுதியது நான்தான் என்றேன். மாமா பக்கெட்டைக் கீழே வைத்தார்.

“ஸ்டேஷன்ல படிச்சிக் காட்டினப்பவே தெரியும்மா. உங்கப்பனுக்கு அப்டியெல்லாம் சொல்ல வராது.”

நான் அழுதேன். அப்பாவின் காரியம் என்றைக்கு என்று மட்டும் மாமா கேட்டார்.

அந்த வாரமே குழாயைத் திருப்பினோம். சில வருஷங்களில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு வாலாஜாபாத்தில் மகளோடு போய் இருந்தார்கள். பிறகு நாங்களும் விற்றோம். இரண்டு வீடும் இருந்த இடத்தில் இப்போது கோயிலுக்கு வருகிறவர்களின் வேன்கள் நிற்கின்றன. மாமா இறந்த செய்தி எனக்கு இருபது நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. சொல்லி அனுப்ப, எங்கள் இரு குடும்பத்தையும் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.