இடுப்பு வலிக்காரர்களின் அக்கா

ஜெசிந்தா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தங்கை செல்போனில் சொன்னபோது, நான் காட்டாங்குளத்தூரில் வேலை முடிந்து மின்சார ரயிலில் தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாங்க மேடம். கடைசியா உங்களுக்குத்தான் போன் பண்ணியிருக்காங்க" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர்களுக்கு என்னையும் தெரியாது, அவரையும் தெரியாது.

சேலையூரில் அவருடைய பிசியோதெரபி அறைக்கு ஏறி இறங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியம் இடுப்பு வலிக்கு, அறையோ மாடியில். கேட்டால், "ஏறி வந்துட்டீங்கல்ல? பாதி வைத்தியம் முடிஞ்சுது" என்பார்.

மூன்று வருட வலியோடும் ஒரு ஸ்கேன் படத்தோடும் நான் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, குப்புறப் படுக்கச் சொல்லி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முதுகில் வைத்தார். அமுக்கிக்கொண்டே கதை கேட்பது அவர் வழக்கம். எந்தப் பேச்சில் தசை இறுகுகிறது என்று விரல் பார்த்துக்கொண்டிருக்கும்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க."

கை ஓரிடத்தில் நின்றது. "இங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். அம்மாவுக்குப் பிறகு என்னைத் தொட்ட முதல் கை அது. குப்புறப் படுத்திருந்ததால் அழுவதற்கு வசதியாக இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் போய்வந்ததில் சில மாதங்களில் வலி குறைந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகம், சனிக்கிழமைகள் போய்விடுமே. அவரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "இனிமே வராதீங்க. என் கை உங்களுக்குப் பழகிடக் கூடாது. நடங்க, குனிங்க, குடம் தூக்குங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இன்னும் வலிக்குதுக்கா" என்றேன்.

"வலிக்கும். ஆனா அது முதுகு இல்ல. அதுக்கு என்கிட்ட ட்ரீட்மெண்ட் கிடையாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, டீ போட்டுத் தரேன்."

போனேன். அவரும் தனியாகத்தான் இருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாலை, இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் அமுக்கறேன், எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தார். நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். தோள் கல்லாக இருந்தது, நடுவே ஒரு தசை முடிச்சு. "என்ன, சப்பாத்தி மாவா பிசையறீங்க? மெதுவா" என்றார். கொஞ்ச நேரத்தில் தலை தானாகத் தொங்கியது. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் ஜெபத்துக்கு எழுந்தபோது, பாதிப் பேர் ஒரே மாதிரி எழுந்தார்கள்: பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முதுகு வளையாமல். எல்லாம் அவர் பழக்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை பேர் முதுகையும் அவர் அறிந்திருந்தார்.

அவருடைய வைத்தியம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேறு. அவரது இடது தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, அந்த முடிச்சு எங்கே இருந்தது என்று என் கட்டை விரலுக்குத் தெரியும். ஞாயிறு மாலையானால் அது தேடத் தொடங்கிவிடுகிறது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.