அடுப்பக்கா கேட்ட ஒற்றை அறை

மாவட்ட வீட்டுத் திட்ட அலுவலகத்தில் அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுப்பக்கா என்றுதான் சொல்வோம். வீடு வீடாகக் குடும்பங்களைக் கணக்கெடுக்கப் போனால் வாசலில் நின்று விசாரிக்கிற ஆள் இல்லை. விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விடுவார். ஒரு அடுப்பு இருந்தால் ஒரு குடும்பம், இரண்டிருந்தால் இரண்டு. அதுதான் எங்கள் விதி. யாருக்கு எத்தனை அறையில் வீடு என்பதும் அதை வைத்துத்தான். மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை அடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தொழிற்சாலைகள் வந்து ஊர் வீங்கிக்கொண்டிருந்த நேரம். மேலதிகாரிகள் இரண்டு படுக்கையறை, மூன்று படுக்கையறை என்று வரைந்து தள்ளினார்கள். தனி ஆளெல்லாம் பிளாட்பாரத்தில் படுக்கவேண்டியதுதானா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர் அடுப்பக்கா. விடாமல் மல்லுக்கட்டினார். கடைசியில் குறைந்த வாடகைக்கு ஒற்றை அறை வீடுகளும் திட்டத்தில் சேர்ந்தன.

அதில் அவருடைய சொந்த ஆசையும் இருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடு இரண்டு அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் டிவி பார்த்து முடித்தால்தான் இவர் படுக்கையை விரிக்கலாம். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அதற்குத் தனி அடுப்பு வேண்டுமே. சின்னதாக ஒன்று வாங்கினார். பற்றவைக்கத்தான் மனம் வரவில்லை. தம்பி மனைவி கொடுமைக்காரி இல்லை. இவர் சாப்பிடாமல் ஒரு வாய் சாப்பிடமாட்டாள். அவளிடம் போய் இனி தனியாகச் சமைக்கிறேன் என்றால் வீடு இரண்டுபட்டது என்றல்லவா ஆகிவிடும்? இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டார். அடுப்பு பெட்டி பிரிக்காமல் அலமாரி மேலேயே இருந்தது.

சொந்தத் தெருவை யாரும் கணக்கெடுக்கக் கூடாது என்பதால் அவர் வீட்டுக்கு வேறொருவர் போனார். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததுமே தம்பி மனைவி ஓடிவந்து சொல்லியிருக்கிறாள்: "உங்களைத் தனியா எழுதவான்னு கேட்டாங்கக்கா. நல்லா குடுத்தேன். எங்க அக்கா இல்லாம எங்களுக்கு எந்த வீடும் வேணாம்னுட்டேன்."

விஷயம் தெரிந்ததும் நான் தாம்தூம் என்று குதித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடலாம் என்றேன்.

"சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிடீ எனக்குத் தனியா வேணும்னு கேப்பேன்?"

எனக்கு இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை. யார்மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. பாசத்தை வைத்து ஒரு மனுஷியை இப்படிக் கட்டிப்போட முடியுமா?

தம்பிக்கு இரண்டு படுக்கையறை வீடு கிடைத்தது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. அடுப்பக்காவுக்குக் கூடம்.

ஒற்றை அறை வீடு, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற எனக்குக் கிடைத்தது. அவர் சண்டைபோட்டு வாங்கிய வீடு. பார்க்க வந்தவர் சுவரைத் தடவினார், ஜன்னலைத் திறந்து மூடினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ கொஞ்சம் வெளியில நிக்கிறியா? கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் இருந்துக்கிறேன்."

வெளியே வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான்தான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

கதவைத் திறந்தபோது முகம் கழுவியிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கினார்.