காதுப் பரீட்சையில் காப்பி அடித்தேன்

இடது காதில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தலைக்கு ஒழுங்காகக் குளிக்கவில்லை. காதில் தண்ணீர் போகக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்ப்பவனிடம் கனம் தூக்காதே என்றால் அவன் என்னதான் செய்வான்? இருந்த லீவெல்லாம் தீர்ந்து, சூப்பர்வைசரின் முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்து வடிந்து, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளில் ஒன்று அரித்துப் போயிருந்தது. அந்த இடத்தில் அரிசியளவுக்கு எதையோ பொருத்தினார் டாக்டர். எவ்வளவு கேட்கும் என்பது மூன்றாம் மாதம் டெஸ்ட்டில்தான் தெரியும், போதவில்லை என்றால் மறுபடி திறந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் காது மெஷின் வைக்கலாம் என்றார். மறுபடி திறப்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என் மனைவி அதையெல்லாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வலது பக்கமே உட்கார்ந்து, வலது பக்கமே நடந்து பழகியவள். பைக்கில் பின்னால் வந்தாலும் வலது தோளுக்கு மேல்தான் பேச்சு. இனிமேல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆபரேஷன் அன்றே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

டெஸ்ட் அன்று திருவேற்காட்டிலிருந்து கிளம்பி, மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் ஊர்ந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, நல்ல காது உதவிக்கு வராதபடி அதில் இரைச்சலை விட்டு, இடது காதில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதல் சில சத்தங்கள் கேட்டன. முன்னைக்கு இது தேவலாம்தான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொரு முறை சத்தம் விட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தபோதெல்லாம் அமுக்கினேன். நாற்பது வருஷமாக ஆள் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு இது பெரிய வித்தையா என்ன?

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என் கையைக் குலுக்கினார். மனைவி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை சாப்பிடும்போது அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஓரக்கண்ணில் வாய் அசைவது தெரிந்தது. "சரி, பண்ணிடலாம்" என்றேன். மறுபடி அசைந்தது. சிரித்துத் தலையாட்டினேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.

"நான் பேசவே இல்லைங்க. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

திட்டப்போகிறாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "டெஸ்ட்டிலயும் இப்படித்தான் கேட்காமலே அமுக்கினீங்களா? நான் வருத்தப்படுவேன்னுதானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுபடி காதைத் திறப்பார்களே என்ற பயத்தில்தான் அமுக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.